யாரோ ஒரு அம்மா?

கேள்வி: புகைப்படப் போட்டி ஒன்றுக்கு ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம். என்னிடம் மூன்று இருக்கின்றன, இணைத்திருக்கிறேன். ஒன்று, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் பனிமூட்டத்துக்குள் ரயில் வருவது. இரண்டாவது, யாரோ ஒரு அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டு சிரிப்பது. மூன்றாவது, எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அந்தி நேரத்தில் எடுத்தது, கொஞ்சம் ஆடிப்போய்விட்டது. எதை அனுப்பினால் பரிசு கிடைக்கும்?
- ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: தம்பி, பரிசு எதற்குக் கிடைக்கும் என்று நடுவர்களுக்கே கடைசி நிமிஷம் வரை தெரியாது, அதை விடுங்கள். பாலத்தையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1921இல் திறந்த பாலம், கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக நிற்கிறது, அதன் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லவுக்கு வருகிற எல்லோரும் அதே மேட்டில் நின்று, அதே வளைவில் ரயில் தலை காட்டுகிற அதே நொடியில்தான் அமுக்குகிறார்கள். உங்கள் படத்தில் பனியும் அழுக்குச் சாம்பலாக விழுந்திருக்கிறது. கமராவின் ஒளிமானி வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும், அதனால் பனியை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும்படி, கூட்டி வையுங்கள். பாலம் எங்கேயும் போகாது, இன்னொரு நாள் போய் எடுக்கலாம்.

இப்போது அந்த ‘யாரோ ஒரு அம்மா’வுக்கு வருகிறேன். கேள்வியில் என்னைக் கோபப்படுத்தியது அதுதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புச் சேலை, கசங்காத முந்தானை, முதுகில் புதுக் கூடை. சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு இல்லை. பனி நனைந்த செடிகளுக்குள் படங்கு கட்டாமல் எந்தப் பெண் இறங்குவார்? இரண்டு நிரை நடப்பதற்குள் சேலை முழங்காலுக்கு மேல் நனைந்து, செடிக்கொம்பு கிழித்துவிடும். போதாததற்கு இப்போது பல தோட்டங்களில் கூடையே இல்லை, பைதான். ஆக, இது பாதையோரத்தில் சுற்றுலா வேன்கள் நிற்கிற இடத்தில் எடுத்த படம். அந்த அம்மா அங்கே நின்று நாலு காசு பார்ப்பது அவருடைய உரிமை, கிடைக்கிற நாட்சம்பளத்துக்கு அதை யாரும் குறை சொல்ல முடியாது. என் கேள்வி உங்களுக்குத்தான். சிரிக்கச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, “அம்மா, உங்க பேர் என்ன?” என்று ஒரு வார்த்தை கேட்க ஏன் தோன்றவில்லை? நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவரா? ஒரே மொழி பேசுகிறவர், நீங்களே சொல்கிறபடி தோட்டத்துப் பிள்ளை.

இந்தப் பழக்கம் பழையது. ஜூலியா மார்கரட் கமரன் என்ற பெரிய படப்பிடிப்பாளர் 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயாவில் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கிலாந்தில் டார்வினையும் கவிஞர் டெனிசனையும் எடுத்தவர், அந்தப் படங்கள் எல்லாம் பெயரோடு நிற்கின்றன. இங்கே அவர் எடுத்தவற்றில் மிஞ்சியது கொஞ்சம், அதிலும் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்கிற மாதிரித் தலைப்புகள். களுத்துறையில் அவர் வீட்டுக்கு வந்து தங்கிய ஓவியர் மரியான் நோர்த் ஒரு சங்கதியை எழுதி வைத்திருக்கிறார். ஒரு மனிதருடைய முதுகு கமரனுக்கு மிகவும் பிடித்துப்போக, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம், வீட்டிலோ தோட்டம் என்று ஒன்று இல்லை. அந்த முதுகுக்காரரின் பெயர் என்ன? அப்புறம் கொழும்பு, கண்டி ஸ்டூடியோக்காரர்கள் நம் பெண்களை மூக்குத்தியும் தண்டட்டியுமாக நிறுத்தி எடுத்து, ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிப்பவள்’ என்று தபாலட்டை போட்டு விற்றார்கள். அவர்கள் துரைமாருக்காக எடுத்தவர்கள். நாம் யாருக்காக எடுக்கிறோம்?

இது எனக்குப் பழைய சண்டை, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பறவைப் பிரிவில் இனத்தின் பெயர் எழுதாத படிவங்களை ஏற்பாட்டுக் குழு திருப்பி அனுப்பியது. சரி, முறைதான். மனிதர் பிரிவுக்கு வந்தால், முதலிடத்துக்குத் தெரிவான படத்தின் கீழ் ‘மலையகத்தின் புன்னகை’ என்று மட்டும் இருக்கிறது. குருவிக்குப் பெயர் கேட்டீர்களே, இந்தப் பாட்டிக்கு ஏன் கேட்கவில்லை என்றேன். படம்தான் பேச வேண்டும், பெயர் எதற்கு என்றார்கள். படம் எடுத்தவர் பெயரை மட்டும் இனிஷியல் முதல் ஒன்றுவிடாமல் சான்றிதழில் அச்சடித்தார்கள். நான் கையெழுத்துப் போடாமல் வந்தேன், இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால் அது வேறு கதை, அதையும் அவரிடம் கேட்டால்தானே தெரியும்?

மூன்றாவது படத்தை அனுப்புங்கள். ஆடிப்போனது என்கிறீர்கள். ஆடியிருப்பது என்ன என்று ஒரு தடவை உற்றுப் பாருங்கள். தராசில் மாட்டிய கொழுந்துப் பைதான் ஆடுகிறது, முகம் அசையவில்லை. மங்கல் வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடியதால் பை அசைகிற அசைவு அப்படியே படத்தில் ஏறியிருக்கிறது. அந்த அம்மா கமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் கணக்கு எழுதுகிறவரின் பேனாவைப் பார்க்கிறார். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும், ஈரத்துக்கும் பைக்கும் என்று எவ்வளவு கழிக்கப் போகிறார்களோ, அந்தக் கவலை முழுக்க அந்தப் பார்வையில் இருக்கிறது. பையின் வாயைப் பிடித்திருக்கிற விரல் நுனிகளில் கொழுந்துக் கறை நகக்கண் வரை ஏறிக் கறுத்திருக்கிறது. மடுவத்துக்குள் வெளியாட்கள் யாரும் இவ்வளவு கிட்டப் போய் நிற்க முடியாது. நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை, அதனால் முடிந்தது.

அதைக் கறுப்பு வெள்ளை ஆக்காதீர்கள். தோட்டப் படம் என்றால் நிறத்தைப் பிடுங்கி வறுமையைக் கூட்டிக் காட்டுகிற வழக்கம் ஒன்று நம்மவர்களிடம் பரவியிருக்கிறது. அவர் பச்சைச் சேலைதான் கட்டியிருக்கிறார், பச்சையாகவே இருக்கட்டும். ஷார்ப் ஆக்குகிறேன் என்று பையின் அசைவைக் கெடுக்கவும் வேண்டாம். வட்ஸ்அப்பில் வந்து சுருங்கிய பிரதியை அனுப்பாமல் கமராவில் இருக்கிற மூலக் கோப்பை அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அவரிடம் படத்தைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள், பெயரை அவர் சொல்கிறபடி எழுதுங்கள். வேண்டாம் என்றால் படத்தை அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

பெயர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், போட்டிக்குச் சம்பந்தமில்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மக்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. கடவுச்சீட்டுக்காகப் படம் எடுக்கப் போனவர்களில் எத்தனையோ குடும்பங்கள், போகிறவர்களும் இருக்கிறவர்களுமாகச் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டன. அப்புறம் தலைமன்னார் ரயில், கப்பல், திரும்பவும் பார்க்கவேயில்லை. அந்தப் படங்கள் இன்னும் லயத்து வரிசை வீடுகளின் சுவர்களில் தொங்குகின்றன. நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்து, ஓரத்தில் நிற்கிறவர்களில் தொடங்கி ஒவ்வொரு முகமாக அழிகிறது. அவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடிய அப்பாயிகளும் அம்மாயிகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். தம்பி, உங்களிடம் நல்ல கமரா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் லயத்தில் வீடு வீடாகப் போய் அந்தப் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பிரதி எடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே சாய்த்து எடுங்கள். கழற்ற முடிந்ததற்குப் பின்பக்கத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதச் சொல்லுங்கள். போல்பொயின்ற் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும், மையும் ஊறும்.