பட்டம் வாங்கியவர்கள் வாழ்க்கையில் எதை வெற்றி என்கிறார்கள்?

கல்லூரி முடித்தவர்கள் எதை வெற்றியாக நினைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போது கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். கடைசி வருட மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் சம்பளம், கம்பெனி பெயர், இரண்டுதான் பதில். அதைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை வருடமும் மதிப்பெண்ணை வைத்தே எடைபோடப்பட்டவர்களுக்குச் சம்பளமும் இன்னொரு மதிப்பெண்ணாகத் தெரிவது இயல்பு. பக்கத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு என்று தெரியும்வரை தன்னுடையது போதுமா என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை, அதுதான் வருத்தம்.

ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பாரி ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வேலை தேடும் மாணவர்களைப் பின்தொடர்ந்து 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இருப்பதிலேயே சிறந்த வேலைதான் வேண்டும் என்று விடாமல் தேடியவர்களுக்கு, 'நமக்கு ஒத்துவந்தால் போதும்' என்றிருந்தவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகச் சம்பளம் கிடைத்தது. ஆனாலும் கிடைத்த வேலையில் அவர்களுக்குத் திருப்தி குறைவு. தேடும்போதும் கவலையும் சோர்வும் அதிகம். கைக்கு வராத வாய்ப்புகளையே நினைத்துக்கொண்டிருந்ததும், பிறர் சொல்வதை அதிகம் நம்பியதும் காரணங்களில் சில.

2009இல் நீமியெக், ரயன், டெசி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு பட்டம் வாங்கியவர்களையே எடுத்துக்கொண்டது. படிப்பு முடிந்த முதல் வருடத்திலும் இரண்டாம் வருடத்திலும் விசாரித்தார்கள். சுயவளர்ச்சி, நெருங்கிய உறவுகள், சமூகத்துக்கு உதவுவது, உடல்நலம் ஆகிய இலக்குகளில் முன்னேறியவர்களின் மனநலம் கூடியிருந்தது. பணம், புகழ், தோற்றம் ஆகியவற்றில் முன்னேறியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை, மனச்சுமைதான் சேர்ந்திருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பணம் முக்கியமில்லை என்று யாரும் மாணவர்களுக்கு உபதேசம் செய்யக் கூடாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பிள்ளைகளிடம் பேசிப்பாருங்கள். அவர்கள் சொல்லும் சம்பளத்துக்குப் பின்னால் தங்கையின் படிப்புச் செலவு இருக்கும், அப்பாவின் கடன் இருக்கும், அம்மா இனி வேலைக்குப் போக வேண்டாம் என்ற ஆசை இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பணத்தாசை. உள்ளே இருப்பது பாசம். அதை நெருங்கிய உறவுகள் இருக்கும் முதல் வகை இலக்குகளில்தான் சேர்ப்பேன், ஆய்வுகளின் கேள்வித்தாள் வேறு மாதிரி சொன்னாலும்.

படித்து முடித்துச் சில வருடம் கழித்துப் பார்க்க வரும் பழைய மாணவர்கள் வேறு பாஷை பேசுகிறார்கள். நல்ல மேலதிகாரி, நிம்மதியான தூக்கம், அப்பா அம்மாவோடு இருக்க நேரம், கற்றுக்கொள்ள இடம். அதே ஆட்கள்தான்.

அதனால் கேட்கிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன். நீ செய்வது யாருக்குமே தெரியப்போவதில்லை என்றாலும் இந்த வேலை உனக்கு வேண்டுமா என்று யோசித்துக்கொள். கடன் இருந்தால், அதை அடைப்பதையே முதல் சில வருடங்களின் வெற்றியாக வைத்துக்கொள், தப்பே இல்லை. அடைத்து முடித்த பிறகு இந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டுக்கொள்.