இரவல் பலம்

ஐயா, வணக்கம். சிரியாவின் எல்லையில் இஸ்ரேல் படைகளைக் குவிக்கிறது என்று 1967 மே மாதம் சோவியத் யூனியன் எகிப்துக்குத் தந்த தவறான தகவல் ஆறு நாள் போரில் போய் முடிந்தது. 1941-ல் ஜப்பானுக்கு அமெரிக்கா விதித்த எண்ணெய்த் தடையும் அப்படித்தான் போரில் முடிந்தது. பகை நாடுகள் வல்லரசுகளின் கைப்பாவைகள்தானே? இந்தியா இந்த நெருக்கடிக்கு அகப்படாமல் இருக்க முடியுமா?

ஒரு கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்துச் சண்டைகளைப் பற்றிச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். ஜப்பானை விடுங்கள். அங்கே நெருக்கிய அமெரிக்காவே அடி வாங்கியது. அது வேறு கணக்கு.

1967-ஐ நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். தகவலைச் சரிபார்க்கச் சிரியாவுக்குச் சென்ற எகிப்தியத் தளபதி பௌசி, படைக்குவிப்பு எதுவும் இல்லை என்றே திரும்பி வந்து சொன்னார். அதன் பிறகுதான் மே 22 அன்று எகிப்து அதிபர் நாசர், இஸ்ரேலியக் கப்பல்கள் செல்லும் டிரான் நீரிணையை மூடுவதாக அறிவித்தார். அந்த முடிவையும் மாஸ்கோவின் கணக்கிலா எழுதுவீர்கள்?

முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு இதற்கு எகிப்தின் சினாய் வரை போக வேண்டுமா? 1744-ல் ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் மோதியபோது, இங்கே நாம் சண்டையிட வேண்டாம் என்று புதுச்சேரியிலிருந்து துய்ப்ளே சென்னைக்குச் சொல்லி அனுப்பினார். அரசரின் கப்பற்படை எங்கள் சொல்லுக்குக் கட்டுப்படாது என்றார்கள் ஆங்கிலேயர். அந்தக் கப்பற்படை பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க, 1746-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடித்தார். இதுவரை உங்கள் வாதம் செல்லும்.

ஆனால் 1748-ல் இரு அரசுகளும் சமாதானமாகிவிட்டன. சென்னையும் ஆங்கிலேயரிடம் திரும்பியது. சண்டை நின்றதா? ஆர்க்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிப் பிரெஞ்சுத் துருப்புகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். 1749-ல் ஆம்பூரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட, அவர் மகன் முகமது அலி ஆங்கிலேயரைப் பிடித்துக்கொண்டார். துய்ப்ளேக்கும் ஆசை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வாசலைத் திறந்துவிட்டவர்கள் வீட்டுக்காரர்கள். திருப்பாதிரிப்புலியூரில் என் சிறுவயதில், வரப்புத் தகராறுக்கு வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்த பங்காளிகள் இருவர், அவர்களுக்குச் சோறு போட்டே நிலத்தை விற்றார்கள். முகமது அலி வென்றார். வென்றும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் கடன்பட்டே காலம் தள்ளினார். 1801-ல் கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டு நவாபின் நாடே கம்பெனிக்குப் போயிற்று.

இதையெல்லாம் கண்ட பிறகும் மைசூரின் ஹைதரும் அவர் மகன் திப்புவும் ஆங்கிலேயருக்கு எதிரான போரில் பிரெஞ்சுத் துணையை நம்பினார்கள். 1783 ஜூனில் கடலூரிலிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி கப்பலில் வந்து சேரும் முன் இங்கே தரையிலும் கடலிலும் ஆட்கள் செத்தார்கள். வந்து சேர்ந்ததும் பிரெஞ்சுக்காரர் சண்டையை நிறுத்தினர். மங்களூர் முற்றுகையில் திப்புவுக்குத் துணை நின்ற அவர்களுடைய துருப்புகளும் விலகிக்கொண்டன. அந்தப் போரைத் திப்பு தனியாகத்தான் 1784 மார்ச்சில் முடித்துக்கொண்டார்.

இந்தியாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னொரு நாள் எழுதுகிறேன். தேர்வு முடிந்ததும் ஒரு மாலை கடலூருக்கு வாருங்கள், தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கலாம்.