இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு இசை வகுப்பும் மியூசிக்கல் மேடையும்: எதை முதலில் பிடிப்பது?

கணவரின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் டிபென்டன்ட்டாக வந்திருப்பதாகவும், பாட்டும் நடனமும் முறையாகக் கற்றதாகவும் எழுதியிருந்தீர்கள். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே மியூசிக்கல் நாடகங்களில் நடிக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. முடியும். ஆனால் முதலில் வகுப்பைப் பிடியுங்கள். மேடை வாய்ப்பை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விசாவில் சுயதொழில் செய்யலாம். ஸ்டூடன்ட் விசாவில் இருக்கும் தோழிகளுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் சுயதொழிலும் செய்யக்கூடாது, தொழில்முறைக் கலைஞராக மேடையேறவும் கூடாது.

கவுன்சில் நடத்தும் பள்ளியில் வகுப்பாசிரியராக வேண்டுமென்றால் கியூ.டி.எஸ். எனும் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் தகுதி தேவை. வாரம் ஒருமுறை பள்ளிக்குப் போய் 20 அல்லது 30 நிமிடத் தனிப்பாடம் எடுக்கும் பெரிபடெட்டிக் ஆசிரியருக்கு அது கட்டாயமில்லை. நீங்கள் நுழைய வேண்டிய வாசல் அதுதான். 2024 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் 43 மியூசிக் ஹப்கள், அதாவது பள்ளிப் பிள்ளைகளின் இசைக் கல்வியை ஒருங்கிணைக்கும் வட்டார அமைப்புகள், இயங்குகின்றன. உங்கள் பகுதி எதில் வருகிறதென்று பார்த்து விண்ணப்பியுங்கள். மணிக்கணக்குச் சம்பளமா, விடுமுறைக்கும் சேர்த்தா என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். ஆகஸ்ட் மாதம் வருமானமே இல்லாமல் போவது இதைக் கேட்காததால்தான்.

என்ஹான்ஸ்டு டி.பி.எஸ். சோதனைக்கு, அதாவது குற்றப் பின்னணிச் சோதனைக்கு, பள்ளியே ஏற்பாடு செய்யும். அந்தச் சான்றிதழை அடுத்த பள்ளியும் இணையத்தில் சரிபார்க்க உதவும் அப்டேட் சர்வீஸில், சான்றிதழ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். தவறினால் அடுத்த பள்ளியில் எல்லாம் முதலிலிருந்து. புதிதாக வந்தவர் என்பதால் முன்பு வாழ்ந்த நாட்டின் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். அதற்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

நன்றாகப் பாடுகிறவர்கள் குழந்தைகள் வகுப்பில் சறுக்குவது சுருதியில். தங்களுக்கு வசதியான 5 கட்டையில் (நடு சி-க்குக் கீழே உள்ள ஜி) ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐந்தாறு வயதுக் குரலுக்கு இயல்பான எல்லை, பியானோவில் நடு சி-க்கு மேலே டி-யிலிருந்து ஏ வரை, அவ்வளவே. அதற்குக் கீழே இறக்கினால் பிள்ளைகள் பேச்சுக்குரலில் உறுமுவார்கள். பாவம், சுருதி ஞானம் இல்லையென்று நாமே முடிவுகட்டிவிடுவோம். சோ-மி, அதாவது பஞ்சமமும் அந்தர காந்தாரமும், இந்த இரண்டு ஸ்வரப் பாட்டுகளில் தொடங்குங்கள். தாளத்தைக் கைக்கு முன் காலுக்குக் கொடுங்கள், நடக்கட்டும். நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். உங்கள் ஆலாபனையை அங்கே யாரும் எடைபோடப் போவதில்லை.

மேடைக்கு வருவோம். நடிகர் தேர்வாளர்கள் ஆள் தேடும் ஸ்பாட்லைட் என்ற நடிகர் பட்டியலில் சேரத் தொழில்முறைப் பயிற்சியோ சம்பளம் பெற்ற நடிப்பு அனுபவமோ காட்ட வேண்டும். ஆடிஷனில் பெரும்பாலும் ஒரு பாட்டிலிருந்து 16 அல்லது 32 பார் (தாளச் சுற்று) மட்டுமே கேட்பார்கள். வேகமானது ஒன்று, மெதுவானது ஒன்று எனக் குறைந்தது இரண்டு பாட்டுகள் தயாராக இருக்கட்டும். பியானோக்காரர் உங்கள் தாளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பார். ஆகவே உங்கள் குரலுக்கேற்ற கீயில் அச்சிட்டு, தொடக்கமும் முடிவும் தடித்துக் குறித்து, ஒளி பிரதிபலிக்காத உறையில் வையுங்கள். "நான் பாடுகிறேன், நீங்கள் தொடருங்கள்" என்பது அங்கே எடுபடாது. ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு, படிக்கக் கற்றே ஆக வேண்டும். ஏஜென்ட் தன் கமிஷனை நீங்கள் சம்பாதித்த பிறகுதான் எடுக்க வேண்டும். சேர்வதற்கே பணம், தங்களிடமே போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய மியூசிக்கல்களில் வாரத்துக்கு 8 காட்சிகள், வார நடுவிலும் சனிக்கிழமையும் மேட்டினி. கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் பான்டோமைம் எனும் குடும்ப நகைச்சுவை நாடகத்தின் ஒத்திகை நவம்பரில் தொடங்கிப் பள்ளிப் பருவத்தின் கடைசி வாரங்களோடு மோதும். அதனால் வகுப்புகளை இரண்டு நாட்களில் அடுக்குங்கள். பள்ளி ஏற்றுக்கொண்ட, டி.பி.எஸ். உள்ள ஒரு டெப் (உங்களுக்குப் பதிலாக வரும்) ஆசிரியரை ஒப்பந்தத்தின்போதே பேசிவையுங்கள். திடீரென்று பாடத்தை ரத்து செய்பவரை எந்தப் பள்ளியும் மறுபடி கூப்பிடாது.

பலர் கவனிக்காத ஒரு வழியும் உண்டு: சாப்பரோன் உரிமம். நாடகத்தில் நடிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கவுன்சில் அங்கீகரித்த ஆள் வேண்டும். ஒருவர் அதிகபட்சம் 12 பிள்ளைகளைக் கவனிக்கலாம். ஒத்திகை எப்படி நடக்கிறது, யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பதையெல்லாம் சம்பளத்தோடு உள்ளிருந்தே பார்க்கலாம். உங்கள் கவுன்சிலின் குழந்தை வேலைவாய்ப்புப் பிரிவில் விண்ணப்பம் கிடைக்கும்.

சுயதொழில் வரவு ஒரு வரி ஆண்டில் 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5-க்குள் வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.யில் பதிய வேண்டும். வகுப்புக் கட்டணம், நடிப்புச் சம்பளம் இரண்டையும் முதல் நாளிலிருந்தே ஒரே கணக்கில் எழுதி வாருங்கள்.