தலைக்கு 500 ரூபாய் எதற்கு?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, சித்திரை ஒன்றாம் தேதிக்கு திருப்பூரிலிருந்து அக்கா குடும்பம் காரில் வருகிறது. 72 வயது அம்மாவையும் சேர்த்து ஆறு பேர். சின்ன வயதில் நாங்கள் சுற்றிய மாதிரி லாங்வுட் சோலை, தேயிலைத் தோட்டம் என்று காலாற நடக்க ஆசை. இப்போது எதற்கெடுத்தாலும் அனுமதி என்கிறார்கள். தலைக்கு 500 ரூபாய் கொடுத்தால் இ-பாஸ், ஃபாரஸ்ட் பர்மிஷன் இரண்டையும் முடித்துத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மூவாயிரம் ரூபாய்க்கு ஆறு பேரும் நான்கு நாள் நன்றாகச் சாப்பிடலாம்.

இதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. இ-பாஸ் என்பது நீலகிரிக்குள் வரும் வண்டிக்கு. வன அனுமதி என்பது காட்டுக்குள் கால் வைப்பதற்கு. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் கிடையாது. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தலைக்கு இவ்வளவு என்று யாராவது விலை சொன்னால், அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். வண்டிக்குக் கொடுக்கும் பாஸுக்குத் தலைக் கணக்கு எங்கிருந்து வந்தது?

இ-பாஸ் இலவசம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. அரசின் இ-பாஸ் தளத்தில் போன் நம்பர், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் க்யூஆர் கோடு வந்துவிடும். அக்காவின் பையனிடம் சொன்னால் டீ ஆறுவதற்குள் எடுத்துவிடுவான். ஆனால் கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று வரம்பு வைத்தார்கள். புத்தாண்டு சமயத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

'நாங்கள் உள்ளூர்க்காரர்கள்தானே' என்று நினைப்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், அதனால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். விலக்கு உங்களுக்கு இல்லை, நீலகிரிப் பதிவான டிஎன் 43 நம்பர் பிளேட்டுக்கு. அக்காவின் கார் திருப்பூர் எண், அதற்கு பாஸ் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து அந்தக் காரை உங்கள் வீட்டுக்காரரே ஓட்டி வந்தாலும் வேண்டும். முன் சீட்டில் நீங்கள் கோத்தகிரி முகவரி போட்ட ஆதார் அட்டையோடு உட்கார்ந்திருந்தாலும் வேண்டும். அதே அக்கா காரை வீட்டிலேயே விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறி வந்தால் வேண்டாம். நீங்கள் உங்கள் டிஎன் 43 காரில் கீழே போய் அழைத்து வந்தாலும் வேண்டாம். பார்ப்பது பிளேட்டைத்தான், ஆளை அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஏஜென்ட்டிடம் காசு கொடுத்து பாஸ் வாங்கி வந்தது. வண்டி எண்ணில் 3-க்குப் பதில் 8 என்று அவர் அடித்திருந்தார். குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, சோதனைச் சாவடி ஓரத்தில் நின்று புதிதாகப் பதிவு செய்தார்கள். ஏஜென்ட்டின் போன் அன்று முழுக்க ஸ்விட்ச் ஆஃப்.

இனி சோலை. லாங்வுட் உங்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி இருக்கலாம், ஆனால் அது காப்புக்காடு. மொத்தமே 116 ஹெக்டேர், சுற்றிலும் ஊரும் தேயிலையும். 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அவ்வளவு சிறிய சோலையில் ஆளாளுக்கு ஒரு பாதை போட்டால், விழுந்த விதையிலிருந்து முளைத்த கன்று ஒன்றுகூட எழாது. இப்போது உள்ளே போக முறையான வழி, வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்வது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். லாங்வுட் சோலையும் ஊட்டி கெய்ர்ன்ஹில்லும் அதில் எளிதான பாதைகள். கட்டணம் தளத்திலேயே போட்டிருக்கும், அங்கேயே கட்டலாம், வழிகாட்டி கூடவே வருவார். ஏஜென்ட் கோட்டா என்று ஒன்றும் கிடையாது.

ஆனால் உங்கள் தேதியில் ஒரு சிக்கல். காட்டுத்தீ பருவத்தில் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தது. இந்த வருடமும் அப்படியே என்றால் சித்திரை ஒன்றன்று சோலை பூட்டித்தான் இருக்கும். அப்போது பர்மிஷன் வாங்கித் தருகிறேன் என்பவர் எதை வாங்கித் தருவார்? பால்பாயிண்ட் பேனாவில் 'நபர் 6, வன நுழைவு' என்று எழுதி, மரம் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் குத்திய துண்டுச்சீட்டு ஒன்றை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மை விரலில் ஒட்டியது. வனக்காவலர் பிடித்தால் அபராதம் சீட்டு விற்றவருக்கு இல்லை, சீட்டை வைத்திருப்பவருக்குத்தான். இந்தத் தடையை வீண் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது.

தடை சரி, அதைச் சொல்கிற விதம்தான் சரியில்லை. மூடியிருக்கிறது என்று ஒரு பலகை எழுதிக் காட்டு முனையில் நட எவ்வளவு செலவாகிவிடும்? செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரி வரும், அதோடு கடமை முடிந்தது. ஊர்ப் புறம்போக்கு எங்கே முடிகிறது, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு எல்லைக்கல் இருக்கும். அந்தக் கல் உண்ணிச்செடிக்குள் இருக்கும். இதைக் கேட்டு எழுதிய மனு ஒன்றுக்கு எனக்கு ஒன்றரை வருடம் கழித்து, 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

சரி, நடக்க எங்கே போவது? காட்டுக்குள் போனால்தான் வசந்தம் என்றில்லை. ஊர் ரோட்டில் நடக்க யாரிடமும் கேட்க வேண்டாம். டவுனிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கன்னேரிமுக்கு இருக்கிறது. ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா இப்போது அருங்காட்சியகம். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆகும், அம்மா மெதுவாக வரலாம். ஏப்ரலில் ரோட்டோரம் ஜக்கரண்டா ஊதாவாக உதிர்ந்து கிடக்கும். சோலையை வெளியில் நின்று பார்த்தாலே போதும். மர உச்சிகள் செம்பு நிறத்தில் மின்னும். தூரத்திலிருந்து பூ என்பார்கள். நாவல் இனத்து மரங்களின் தளிர் அது, இரண்டு மூன்று வாரத்தில் பச்சையாகிவிடும். குன்னூர் சிம்ஸ் பூங்காவும் அழகுதான், ஆனால் பள்ளத்துக்குள் இறங்கும் பூங்கா. இறங்கும்போது தெரியாது, ஏறும்போது அம்மாவின் முட்டி சொல்லும்.

தேயிலைத் தோட்டம் என்றால் தோட்டக்காரரிடமோ மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். சும்மா சம்பிரதாயம் இல்லை. அன்று மருந்தடித்தார்களா என்பது அவருக்குத்தான் தெரியும், காட்டுமாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும். செடிக்கு மேலே கறுப்பு முதுகு மட்டும் தெரியும், பாறை என்று நினைப்பீர்கள். பாறை காதை ஆட்டினால் வந்த வழியே திரும்புங்கள். ஓட வேண்டாம், செல்பி வேண்டவே வேண்டாம்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுங்கள். சித்திரையில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும், தேயிலைச் சரிவில் ஒதுங்க இடம் இருக்காது. அக்காவுக்கு இன்றே போன் செய்து, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் திருப்பூரிலேயே வைத்துவிட்டு எவர்சில்வர் பாட்டிலை எடுத்து வரச் சொல்லுங்கள். சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள், அதில் மட்டும் நம் ஆட்கள் கெட்டி.