கேரவனில் ஈரம் பிடிக்கும் புத்தகங்கள்

வணக்கம் சகோதரி. முட்டம் கடற்கரையில் கேரவனை நிறுத்தியது முதல் புத்தகங்களில் பூஞ்சை பிடிப்பதாகவும், பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று அஞ்சி இரவு வாசிப்பையே விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். பேட்டரிக் கவலை வேண்டாம். 3 வாட் எல்இடி விளக்கு 4 மணி நேரம் எரிந்தால் செலவாவது 12 வாட்-மணிதான். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவில் அது நூற்றில் ஒரு பங்கு.

கவனிக்க வேண்டியது பூஞ்சையைத்தான். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையையும் பெறும் குமரி மாவட்டத்தில், கடற்காற்றோடு வந்து படியும் உப்பும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரவில் வண்டியின் தகரச் சுவர் குளிர்ந்து, நம் மூச்சிலும் சமையலிலும் எழும் ஆவி அதன்மேல் நீர்த்துளியாகப் படிவதால், சுவரைத் தொட்டபடி அடுக்கிய புத்தகங்களின் தாள் விளிம்புதான் முதலில் நெளியும். ஆகவே அவற்றை அங்கிருந்து எடுத்து, மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்தி உலர்த்தி, வண்டிக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் பூஞ்சையைத் துடைத்த பிறகு, காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரம் காயாமல் மூடினால் பெட்டிக்குள்ளேயே பூஞ்சை வளரும்.

வண்டியில் பத்துப் புத்தகங்கள் போதும் என்பது என் எண்ணம். மற்றபடி, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இணையத்தில் வெளியிட 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை நாகர்கோவிலில் இருக்கும்போதே இலவசமாகத் தரவிறக்கிக்கொண்டால், பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் கிடைக்காவிட்டாலும் நிம்மதியாக வாசிக்கலாம்.