30 வருடம் ஓடாமல் கிடந்த பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள், பெட்ரோல் ஊற்றி உதைத்தால் ஓடுமா?

ஓட வைக்கலாம். ஆனால் பர்மாவின் மோல்மீனில் உங்கள் தாத்தா விட்டுப்போன அந்த வண்டியை இப்போதைக்கு உதைக்காதீர்கள். வருடத்துக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊர் அது. பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். பலவந்தம் செய்தால் உடைந்துவிடும்.

பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். அசையவில்லையா? இது சைடு வால்வு இன்ஜின்; வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருக்கும், அதன் மேல்மூடியான ஹெட்டில் வால்வே கிடையாது. போல்ட்டைக் கழற்றினால் ஹெட் தனியே வந்துவிடும், சிலிண்டர் சுவரை நேரில் பார்த்துவிடலாம். எனக்கு இந்த வண்டி பிடித்துப்போனதே இந்த எளிமையால்தான்.

பலர் மறப்பது ஆயிலை. எம்20-இல் ஆயில் தனி டாங்கில் இருக்கும். நாளாக ஆக, பம்ப் வழியாகக் கசிந்து இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் தேங்கும். அடித்திருகைத் திறந்து, அந்தக் கறுப்புக் குழம்பு முழுவதையும் வடித்துவிடுங்கள்.

ஸ்பார்க்கை மேக்னட்டோ (காந்தத்தால் தானே மின்சாரம் உண்டாக்கும் கருவி) தருகிறது, பேட்டரி வேண்டாம். அதில் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனையான பாயிண்டைச் சுத்தம் செய்யுங்கள். இன்ஜின் சூடானதும் ஸ்பார்க் நின்றால் உள்ளே கண்டென்சரோ காயிலோ போயிருக்கும். மேக்னட்டோ வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.

டயர், டியூப், பிரேக் கேபிள் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். இரண்டாம் உலகப்போருக்காக லட்சத்துக்கும் மேல் செய்த மாடல் என்பதால் இங்கிலாந்தில் உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன.