பேராலயத்துக்குள் அப்பாவின் குல்லா

கேள்வி: புற்றுநோய் சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிவிட்ட என் தந்தை, கம்பளிக் குல்லா இல்லாமல் வெளியே வருவதேயில்லை. அடுத்த மாதம் ரோமுக்குச் செல்கிறோம். தூய பேதுரு பேராலயத்தில் திருப்பலி காணும்போது அவர் அதைக் கழற்றியே ஆக வேண்டுமா? ஆயர்கள் மட்டும் குல்லா அணிகிறார்களே?

பதில்: வேண்டியதில்லை, உங்கள் தந்தை குல்லாவோடு நிம்மதியாகத் திருப்பலி காணலாம்.

ஆண்கள் தலையை மூடிக்கொண்டு செபிக்கலாகாது என்ற வழக்கம், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1262ஆம் விதியில் அதை எழுத்திலும் வைத்தது. ஆனால் அந்த விதியைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். திருச்சடங்குகளில் பங்கேற்கும் ஆண்கள் வெறுந்தலையோடு இருக்க வேண்டும் என்று சொன்ன அதே வாக்கியம், மக்களின் ஏற்கப்பட்ட வழக்கமோ தனிப்பட்ட சூழ்நிலையோ வேறுவிதமாகக் கோரினால் தவிர என்றும் சொல்லியிருந்தது. நோய் அத்தகைய சூழ்நிலை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இப்போது நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விதியே இல்லை; எஞ்சியிருப்பது மரியாதை சார்ந்த வழக்கம் மட்டுமே.

மக்களின் வழக்கத்துக்குச் சீனாவே சிறந்த சான்று. அந்நாளில் அங்கே பெரியோர் முன் வெறுந்தலையோடு நிற்பதுதான் அவமரியாதை என்பதால், குருக்கள் தலையணியோடு திருப்பலி நிறைவேற்ற 1615இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் அனுமதி அளித்தார். மதிப்பைக் காட்டும் அடையாளம் ஊருக்கு ஊர் மாறும் என்பதை ரோமே ஏற்றுக்கொண்ட தருணம் அது.

ஆயர்களின் தலையணி அவர்களது பணிக்குரிய உடையின் பகுதி. அதையும் அவர்கள் முழு நேரமும் அணிவதில்லை. உயரமான தலையணியை நற்செய்தி வாசிக்கும்போது எடுத்துவிடுவார்கள். உச்சியில் ஒட்டினாற்போல் இருக்கும் சிறு குல்லாவையும் அப்பத்தையும் இரசத்தையும் அர்ப்பணிக்கும் நற்கருணை மன்றாட்டு தொடங்குமுன் கழற்றினால், நற்கருணை வழங்கி முடிந்த பிறகே மீண்டும் அணிவார்கள். உங்கள் தந்தை விரும்பினால், குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் அந்தச் சில நொடிகள் மட்டும் குல்லாவைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். குளிரோ கூச்சமோ தடுத்தால் தலைவணங்கினாலே போதும்.

வாசலில் பணியாளர் யாரேனும் தலையைச் சுட்டிக்காட்டினால், ‘மலாத்தோ’ என்று சொல்லுங்கள். இத்தாலிய மொழியில் நோயாளி என்று பொருள். பேராலயத்துக்குள் செல்வதற்கு முன் சதுக்கத்தில் நடக்கும் பாதுகாப்புச் சோதனை வேறு. அங்கே கழற்றிக் காட்டச் சொல்லக்கூடும் என்பதை அவரிடம் முன்பே பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.